கோலாட்டத்துக்கு மூன்று திரை

1. மூக்கில் உட்கார்ந்த ஈ

காதர் பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைக் கீழப்பழுவூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு வீடியோ கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றையும் கேசட்டில் எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். அந்த வருஷம் ஒரு புரொஜக்டரும் ஒரு கம்ப்யூட்டரும் புதிதாக வாங்கியிருந்தார். மேடையைச் சொந்தக்காரர்கள் மறைத்துக்கொள்வதால் பின்வரிசைக்குப் பெண்ணும் தெரிவதில்லை, மாப்பிள்ளையும் தெரிவதில்லை. பெரிய வெள்ளைத் துணியில் படம் காட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அவர் யோசனை.

எனக்குப் பிளஸ் டூவில் கணக்கு போய்விட்டது. அதன் பிறகு ஒரு சென்டரில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்தேன். டைப் அடிப்பேன், பெயின்ட்டில் வீடு வரைவேன். அதை நம்பித்தான் பாய் என்னை மௌஸ் முன்னால் உட்கார வைத்தார்.

என் எதிரே ஒரு மானிட்டர். மேடைக்கு மேலே புரொஜக்டர் காட்டும் பெரிய திரை. பெண் போட்டோவையும் மாப்பிள்ளை போட்டோவையும் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டேன். அதுவரை சரி. திடீரென்று மௌஸ் அம்பைக் காணோம். ஆட்டிப் பார்த்தேன். கவிழ்த்து உருண்டையை எடுத்துத் துடைத்துப் போட்டேன். அப்போதும் வரவில்லை. வலது ஓரத்தைத் தாண்டித் தள்ளினால் அம்பு பக்கத்துத் திரைக்குப் போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார்.

"யாருப்பா அங்க, பொண்ணு மூக்குல ஈ உக்காந்துருக்கு பாரு. ஓட்டி வுடுங்கய்யா."

மண்டபமே சிரித்தது. நான் பதறி மௌஸை இழுக்க, அம்பு பக்கத்துப் போட்டோவுக்குத் தாவியது. "இப்ப மாப்பிள்ளை மீசைக்குப் போயிருச்சு" என்றார் அவரே. மேடையில் இருந்த பெண் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

வேனில் திரும்பும்போது பாய் திட்டவில்லை. "அந்தாண்ட இன்னொரு ரூம் இருக்குன்னு நெனச்சுக்க. எலி அந்த ரூமுக்குப் போயிருச்சு, அவ்ளோதான்" என்றார்.

இதைச் சிரிக்க மட்டும் எழுதவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் அப்பா செய்த வேலை இதுதான். நான் பார்ப்பது ஒரு திரை, ஊர் பார்ப்பது வேறு திரை. என் முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கும்.

2. எண் போட்ட பெட்டிகள்

இரண்டு மூன்று வருஷத்தில் வேலை வளர்ந்தது. மேடைக்கு ஒரு திரை, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு டிவி, எனக்கு ஒரு மானிட்டர். தாலி கட்டப்போகும் நேரம் பந்தியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. கம்ப்யூட்டருக்குள் இரண்டு வாய் உள்ள ஒரு கார்டு, ஒரு வாய் உள்ள இன்னொரு கார்டு, ஆக மூன்று வயர். எல்லாமே பார்க்க ஒன்றுபோல் இருக்கும். நான் ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் எண் எழுதி வைத்தேன்.

கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு எண் வைத்திருக்கும். செட்டிங்கைத் திறந்தால் 1, 2, 3 என்று எண் போட்ட பெட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே ஐடென்டிஃபை என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதனதன் எண் பெரிதாக வந்து நிற்கும். எது எங்கே போகிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நான் பெயின்ட்டில் எழுதிய எண் மாறாது. கம்ப்யூட்டர் வைக்கும் எண் மாறும். அது கண் விழிக்கும் நேரத்தில் எதிரே எந்தத் திரை விழித்திருக்கிறதோ, அதற்குத்தான் முதலில் எண் கொடுக்கும். தூங்கிக்கொண்டிருக்கும் திரையின் எண்ணைப் பக்கத்தில் இருப்பதற்குத் தூக்கிக் கொடுத்துவிடும். அதனால் எங்கள் கடையில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். முதலில் திரைகள் எல்லாம் எரிய வேண்டும். கம்ப்யூட்டரைக் கடைசியில்தான் போட வேண்டும்.

அப்போது பாய் சென்னையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் சிடி கொண்டுவந்தார். வெளிநாட்டில் ஆட்டக் கொட்டகைகளில் பாட்டுக்கு ஏற்றபடி படத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதற்காக எழுதியது. கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படத் துண்டை வைத்துக்கொள்ளலாம். எழுத்தைத் தட்டினால் படம் மாறும். எந்தப் படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லலாம். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஸ்பேஸ் பார். தாளத்துக்குத் தகுந்தபடி அதைத் தட்டிக்கொண்டே இருந்தால், திரையில் இருக்கும் படமும் அதே வேகத்தில் துடிக்கும். ரிசப்ஷனில் நாதஸ்வரம் நடக்கும்போது நான் தட்டுவேன், திரையில் மஞ்சள் வட்டம் துள்ளும். குழந்தைகள் முன்னால் வந்து நின்று பார்ப்பார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில், குழந்தைகளோடு ஒரு டீச்சரும் வந்து நின்று பார்த்தார்.

3. செல்வி டீச்சர் கேட்டது

அடுத்த வாரம் அவர் கடைக்கே வந்தார். ஊருக்கு வெளியே காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் டீச்சர். பேசும்போது கையும் சேர்ந்து பேசும். எங்களிடம் பேசும்போதும் அப்படித்தான்.

அவர் எட்டுப் பெண்களுக்குக் கோலாட்டம் சொல்லிக் கொடுத்திருந்தார். பாய் உடனே, "காது கேக்காத புள்ளைங்களுக்குக் கோலாட்டமாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"கோலாட்டத்துக்குக் கண்ணும் கையும் போதும் பாய். தாளத்த மட்டும் யாராவது காட்டணும்" என்றார் டீச்சர்.

அந்தத் தாளத்தை அவரே மேடைக்குக் கீழே நின்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது ஒரே மாவட்டம். மாவட்டத்துப் பள்ளிகளுக்கு ஊர்ச் சங்கம் ஒன்று வருஷா வருஷம் கலைப் போட்டி வைக்கும். போன வருஷம் போட்டியில் நடுவர் மைக்கிலேயே சொல்லிவிட்டாராம், டீச்சர் கையைப் பார்த்து ஆடுகிறார்கள், இது கோலாட்டமா இல்லை பி.டி. பீரியட் டிரில்லா என்று. சபையில் சிரிப்பு. பிள்ளைகளுக்கு அது கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். அதைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை என்றார் டீச்சர்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பள்ளியின் கரஸ்பாண்டென்ட் இந்த வருஷமும் போட்டிக்கு வருகிறார். ஒழுங்காக நடக்கவில்லையென்றால் டான்ஸ் வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தையும் டைலரிங்குக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். "அவரு கெட்டவரு இல்ல. புள்ளைங்களுக்குச் சோறு போடுற தொழில் வேணும்னு நெனைக்கிறாரு. ஆனா இதுங்க நாள் பூரா காத்திருக்கிறது இந்த ஒரு பீரியடுக்குத்தான்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "மணி சார், அந்த மஞ்ச வட்டம் இருக்கே, அத புள்ளைங்க மட்டும் பாக்குற மாதிரி வைக்க முடியுமா? சபைக்குத் தெரியக் கூடாது."

நான் பாயைப் பார்த்தேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "இன்ஷா அல்லா, பாத்துரலாம்" என்றார்.

4. சோளப் பொரி

ஏற்பாடு இதுதான். மேடையின் முன் மூலைகள் இரண்டிலும் பழைய மானிட்டர் ஒவ்வொன்று, முகம் பிள்ளைகள் பக்கம். ஒரே வயரைப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்தேன். அது மூன்றாம் எண். அதில் மஞ்சள் வட்டமும், அடி மாறும் இடங்களில் டீச்சரின் கைகளும் வரும். கைகளைக் கறுப்புத் துணி முன்னால் வைத்து நானே கேமராவில் எடுத்தேன். பெரிய திரை இரண்டாம் எண். அதில் சபைக்காக நாற்று வயலும் மழையும். முதல் எண் என் முன்னால்.

ஒத்திகைக்குத் திருமழபாடியிலிருந்து ஒரு தவில்காரர் வந்தார். அவர் வாசிக்க, நான் கேட்டு ஸ்பேஸ் பாரைத் தட்ட, வட்டம் துடிக்க, பிள்ளைகள் கோலை அடிக்க வேண்டும். முதல் நாள் சோளம் பொரிகிற மாதிரி இருந்தது. எட்டு ஜோடிக் கோலும் எட்டு விதமாகப் பொரிந்தன. கோலாட்டத்தில் இதை மறைக்க முடியாது. சேர்ந்து விழுந்தால் ஒரே சத்தம். கொஞ்சம் பிசகினாலும் சபைக்குக் கேட்டுவிடும்.

பிள்ளைகள் மேல் தவறு இல்லை. நான் கேட்டு, பிறகு தட்டி, அது திரைக்குப் போய், அவர்கள் பார்த்து அடிப்பதற்குள் தவில் அடுத்த அடிக்குப் போய்விட்டது. அடி விழுவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னாலேயே நான் தட்ட வேண்டும். காதை வைத்துக்கொண்டு அது முடியவில்லை. கடைசியில் தவில்காரரின் வலது கை மேலே எழும்பும்போதே தட்டப் பழகினேன். அன்றிலிருந்து பொரிவது குறைந்தது. சில நாள் கழித்து ஒரே சத்தமாக விழுந்தது. யோசித்துப் பார்த்தால் நானும் ஒருவர் கையைப் பார்த்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

தவில் சத்தத்தில் டீச்சர் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதனால் என்னிடமும் அவர் கையால் பேச ஆரம்பித்தார். ஆரம்பி என்றால் எது, நிறுத்து என்றால் எது என்று நானும் கற்றுக்கொண்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் கீழே பார்த்து வைத்து மெதுவாக அழுத்தினால், 'அப்படியே இருக்கட்டும், தொடாதே' என்று அர்த்தம். நான் அடிக்கடி எதையாவது திருத்தப் போவேன். அதனால் அந்தச் சைகையைத்தான் அதிகம் பார்த்தேன்.

பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரையும் எழுத்துக் கூட்டிப் பெயர் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருப்பார்கள். டீச்சருக்கு மோவாயில் மச்சம், அதனால் மோவாயை ஒரு விரலால் தொட்டால் செல்வி டீச்சர். பாய்க்கு வந்த அன்றே பெயர் கிடைத்துவிட்டது. தாடியை இழுத்து விடுகிற மாதிரி காட்டுவார்கள். தவில்காரருக்கு வயிற்றைத் தட்டுவது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தவுலச் சொல்றியா, தொப்பையச் சொல்றியா?" என்று கேட்டார். டீச்சர் அதைச் சைகையில் சொன்னதும் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் பெயர் இல்லை. சும்மா விரலை நீட்டிக் காட்டுவார்கள். எனக்கு என்ன பெயர் என்று டீச்சரிடம் கேட்டேன். "அது அவங்களா வைக்கணும் சார். கேட்டு வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அந்த எட்டுப் பேரில் முன்னால் நின்றவள் பூங்கொடி. பாடாலூர்க்காரி, பதிமூன்று வயது இருக்கும். மற்றவர்கள் மானிட்டரைப் பார்ப்பார்கள். அவள் மானிட்டரையும் பார்ப்பாள், என்னையும் பார்ப்பாள். நான் தட்டுவதில் பிசகினால் புருவத்தைத் தூக்குவாள்.

5. ஸ்டாண்டு ஃபேன்

போட்டி அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சிமென்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே எங்கள் ஆம்னி வேன் போய்ச் சேர்ந்தது. புரொஜக்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தும் உள்ளே வெள்ளைத் தூசு. துடைத்துவிட்டு, திரைகளை எல்லாம் முதலில் போட்டு, கம்ப்யூட்டரைக் கடைசியில் போட்டு, ஐடென்டிஃபை அழுத்திப் பார்த்தேன். எனக்கு ஒன்று, பெரிய திரைக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு மூன்று. எல்லாம் சரி.

மத்தியான நேரம். படம் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் தார்ப்பாயால் மூடியிருந்தோம். உள்ளே புழுக்கம். முன்வரிசையில் சீஃப் கெஸ்ட் வெள்ளைச் சட்டை நனைந்து ஒட்ட உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த நம் கரஸ்பாண்டென்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. வந்த விருந்தாளி வேர்க்கலாமா? மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன் கொண்டுவரச் சொன்னார். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் எந்தப் போர்டு இருக்கிறது என்று பார்த்துச் சொருகிவிட்டார். அது என் யூபிஎஸ் போர்டு. நான் அப்போது மேடையில் வயருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நம் பிள்ளைகள் மேடை ஏறினார்கள். தவில் தொடங்கியது. முதல் பாட்டு முழுக்கக் கோல்கள் ஒரே சத்தமாக விழுந்தன. டீச்சர் எங்கேயோ பார்க்கிற மாதிரி சுவரோரம் நின்றிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. சபையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போன வருஷத்து அதே நடுவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் கம்ப்யூட்டர் போகக் கூடாது, அதற்குத்தான் யூபிஎஸ். ஆனால் அதன் தலையில் அந்தப் பெரிய ஃபேன் இருந்தது. ஒரு தடவை கத்தியது, அடங்கிவிட்டது. எல்லாத் திரையும் அணைந்தது. தார்ப்பாய் போட்ட மண்டபம் இருட்டில் இருந்தது.

அந்த இருட்டைப் பற்றி அதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. நமக்கு இருட்டென்றால் கண் மட்டும்தான் போகும். யாராவது 'நில்லு, நகராத' என்று கத்தினால் கேட்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இருட்டில் பேச்சும் போய்விடும். மேடை விளிம்பு இரண்டு அடி தள்ளி இருந்தது, அதற்குக் கீழே ஆள் உயரப் பள்ளம். சபை முழுக்க ஒரே சத்தம், எட்டுப் பேருக்கும் ஒன்றும் தெரியாது.

அப்போது சுவரோரத்தில் சின்ன வெளிச்சம் வந்தது. செல்வி டீச்சர் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அதன் வெளிச்சத்தைத் தன் இரண்டு கைகள் மேல் விழும்படி வைத்திருந்தார். இருட்டில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. நில்லுங்கள், அங்கேயே நில்லுங்கள், நான் இருக்கிறேன் என்று அந்தக் கைகள் சொல்லிக்கொண்டே இருந்தன. ஜெனரேட்டர் போடும் வரை நிறுத்தவில்லை.

வெளிச்சம் வந்தபோது எட்டுப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள்.

6. வெள்ளைச் சட்டையில் மஞ்சள்

நடுவர் பெருந்தன்மையாக, முதலிலிருந்து ஆடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் மைக்கில் அறிவிப்பவர் அவசரப்படுத்தினார், இன்னும் நாலு பள்ளி பாக்கி இருக்கிறது என்று. பாய் ஃபேன் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு யூபிஎஸ்ஸைத் தட்டி எழுப்பினார். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். மானிட்டர்கள் உடனே எரிந்தன. புரொஜக்டர் எரியவில்லை. அதன் பல்ப் சூடாக அணைந்துவிட்டால், ஆறும் வரை மறுபடி எரியாது. அது ஆறி எழுவதற்குள் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டுவிட்டது. பழக்கப்படி அதை மறுபடி அணைத்துப் போட்டிருக்க வேண்டும். மைக்கில் மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டார்கள். பல்ப் எரிந்தது, டீச்சர் ஆரம்பி என்று கை காட்டினார், தவில்காரர் கையைத் தூக்கினார், நான் ஸ்பேஸ் பாரைத் தட்டினேன்.

மேடைக்கு மேலே பெரிய திரையில் மஞ்சள் வட்டம் துடித்தது.

வட்டத்துக்குப் பின்னாலேயே டீச்சரின் கைகள் வந்தன, ஓர் ஆள் உயரத்துக்கு. சபைக்குத் தெரியவே கூடாது என்று அவர் கேட்ட அதே கைகள். மேடை மூலையில் இருந்த மானிட்டர்களில் நாற்று வயலும் மழையும் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் மூன்றும் இடம் மாறிவிட்டன.

கோல்கள் பொரிய ஆரம்பித்தன. பிள்ளைகள் மானிட்டரைப் பார்க்கிறார்கள், அதில் மழை பெய்கிறது. பூங்கொடி என்னைப் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கரஸ்பாண்டென்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

திருத்த வேண்டும் என்றால் எல்லாவற்றையும் நிறுத்தி, எண்ணை மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும். அதுவரை எல்லாத் திரையும் கறுப்பாக இருக்கும். மறுபடி இருட்டு. வலது கை ஸ்பேஸ் பாரில் தட்டிக்கொண்டே இருக்க, இடது கை தானாக மௌஸுக்குப் போய்விட்டது.

அதே நேரம் மேடையில் ஒன்று நடந்தது. பூங்கொடி என்னை விட்டுவிட்டுக் கீழே சீஃப் கெஸ்ட்டைப் பார்த்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பெரிய திரையின் வெளிச்சம் முன்வரிசைச் சட்டைகள் மேல் விழுந்து, அடிக்கு அடி லேசான மஞ்சளாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சடக்கென்று சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மேலே பார்த்தாள். கோலால் பக்கத்தில் இருந்தவள் முழங்கையைத் தட்டினாள். அவள் அடுத்தவளைத் தட்டினாள்.

நான் மௌஸை நகர்த்தப் போனேன். சுவரோரத்தில் கை அசைவது தெரிந்தது. செல்வி டீச்சர் கட்டியிருந்த கையைப் பிரித்து, இரண்டு உள்ளங்கைகளையும் கீழே பார்த்து வைத்து மெதுவாக அழுத்தினார்.

தொடாதே.

அந்தச் சத்தத்தில் அவர் கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தவில்காரரின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு தட்டினேன். எட்டுப் பேரும் திரும்பிவிட்டார்கள். சபைக்கு எட்டு ஜடைகள்தான் தெரிந்தன, கனகாம்பரம் வைத்தவை. தலையை அண்ணாந்துகொண்டு ஆடினார்கள். முதலில் நாலு கோல் சேர்ந்து விழுந்தது. அப்புறம் ஆறு. பாட்டு பாதிக்கு வருவதற்குள் எல்லாம் ஒரே சத்தம்.

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். இப்போது அவர்களுக்கும் வட்டம் தெரிந்தது, கை தெரிந்தது, கை மாறும்போது பிள்ளைகள் மாறுவது தெரிந்தது. காது கேளாத பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் என்று மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் புரிந்துகொண்டது. பின்வரிசையில் யாரோ வட்டத்தைப் பார்த்துக் கை தட்டத் தொடங்க, கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தாளத்தோடு தட்டினார்கள். அது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆடி முடித்துத் திரும்பிக் கும்பிட்டபோதுதான் அத்தனை கைகளையும் பார்த்தார்கள்.

7. அடுத்த வருஷம்

பரிசு கிடைக்கவில்லை. சபைக்கு முதுகு காட்டி ஆடியதற்கு மார்க் போட விதியில் இடம் இல்லை என்று நடுவர் சொன்னார். மேடையை விட்டு இறங்கிய பிறகு டீச்சரிடம் தனியாக வந்து, "அந்தக் கைய மொதல்லயே சபைக்குக் காட்டியிருக்கலாமேம்மா, நல்லாருந்துச்சே" என்றார்.

"போன வருஷம் அது தெரிஞ்சதுக்குத்தானே சார் டிரில்லுன்னு சொன்னீங்க" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சொன்னேன்தான் என்று ஒப்புக்கொண்டு போனார்.

நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது கரஸ்பாண்டென்ட் வந்தார். டீச்சர் நிமிர்ந்து நின்றார். டைலரிங் பேச்சு வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் யூபிஎஸ்ஸையும், பிடுங்கிப் போட்டிருந்த ஃபேன் வயரையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் விஷயத்தை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"டீச்சர், அடுத்த வருஷம் அந்த ஃபேனுக்குத் தனியா ஒரு லைன் இழுத்துரச் சொல்லுங்க" என்றார். டைலரிங் பேச்சையே எடுக்காமல் காருக்குப் போய்விட்டார்.

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பி ஏதோ சைகை செய்தார். எட்டுப் பேரும் குதித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அடுத்த வருஷம்னு சொன்னேன் சார். அவ்ளோதான்" என்றார்.

கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்னால், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம் என்று ஐடென்டிஃபை அழுத்தினேன். பெரிய திரையில் 3 என்று வந்தது. மூலை மானிட்டர்களில் 2. பூங்கொடி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலை நீட்டி, வலது விரலை இடப்பக்கமும் இடது விரலை வலப்பக்கமுமாகக் குறுக்கே மாற்றிப் போட்டாள். மற்றவர்கள் ஏழு பேரும் உடனே அதையே செய்து சிரித்தார்கள். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"பேரு வச்சுட்டாங்க சார்" என்றார் அவர். "இனிமே நீங்களே வேணாம்னாலும் மாத்த மாட்டாங்க."

பாய் வேன் கதவைச் சாத்திக்கொண்டே, "மாஷா அல்லா, எனக்குத் தாடி, ஒனக்கு மாறிப்போன வயரு" என்றார்.

அடுத்த வருஷம் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். டீச்சர் என்னிடம் வந்து, வட்டத்தையும் கையையும் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும், சபைக்கும் காட்ட வேண்டும் என்றார். மறைப்பதற்காக நான் போட்ட வயர்களில் ஒன்றைக் கழற்றிவிட்டேன். வேலை சுலபமாகிவிட்டது.

போன மாசம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு பஸ்ஸுக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்து இரண்டு விரலைக் குறுக்கே மாற்றிக் காட்டினாளே, யாரப்பா அது, என்ன சொல்கிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். பஸ் கிளம்பிவிட்டதால் அப்போது சொல்ல முடியவில்லை. அது பூங்கொடி. அவள் என் பெயரைச் சொன்னாள்.

நீங்கள் என்ன வேலைக்குப் போவீர்களோ தெரியாது. எதுவானாலும், தொடங்குவதற்கு முன்னால் எது எங்கே போகிறது என்று ஒரு தடவை பட்டனை அழுத்திப் பாருங்கள். யார் அவசரப்படுத்தினாலும் பாருங்கள். அப்படியும் மாறிப்போய்விட்டால், உடனே மௌஸில் கை வைக்காதீர்கள். முதலில் தலையைத் தூக்கி மேடையைப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் அதற்குள் திரும்பியிருப்பார்கள்.